ஏழாம் பாகத்து அம்புக்குறி

கெலுகோர், பினாங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? பிரஷர் மாத்திரையை மறக்காம போடுறீங்களா? நான் சௌக்கியம், சாப்பாட்டுக்கும் குறையில்லை.

நாம டிவியில மூணாம் பாகம் சேர்ந்து விளையாடின ராஜகுமாரி வீடியோ கேமோட ஏழாம் பாகம் வந்திருக்கு. என்கூட வேலை செய்யற குணாளன் அண்ணே, "ஏழுதான் பெஸ்ட் லா, மூணெல்லாம் பழசு"ன்னு இந்த ஊர் 'லா' போட்டுச் சொல்றார். கேன்டீன்ல சண்டையே போட்டுட்டேன். ஏழு பார்க்க அழகுதான். ஆனா போகவேண்டிய வழியை ஒரு அம்புக்குறியே காட்டிடுது. மூணுல அதெல்லாம் ஏது? கேம்ல வர்ற ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு பேசினாத்தான் வழி தெரியும். நீங்க கோழி மேய்க்கிறவரைக்கூட விடமாட்டீங்க. எனக்கு எரிச்சலா வரும்.

இங்க எனக்கும் போன்தான் வழி காட்டுது. போன வாரம் ஜுருங்கற ஊர்ல அது அணைஞ்சுபோய், தப்பான பஸ்ல ஏறிட்டேன். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல. இறங்கி, உங்களை மாதிரியே ஒரு பழக்கடை அக்காகிட்டப் போய்க் கேட்டேன். "உக்காரு தங்கச்சி, பஸ் வரும் லா"ன்னு கொய்யா வெட்டிக் கொடுத்தாங்க. வேலையிடத்துக்கு வெளியே ஒருத்தர்கிட்ட நான் உக்காந்து பேசினது அன்னிக்குத்தான்.

அப்பா, நம்ம மூணாம் பாகத்தை அழிச்சிடாதீங்க. ராஜகுமாரி கடைசிக் கோட்டை வாசல்ல நிக்கறா. ஆசைப்பட்டு உள்ள போயிடாதீங்க, போனா கதை முடிஞ்சிடும். நான் வர்ற வரைக்கும் ஊருக்குள்ள திரும்பிப் போய்ப் பேசிட்டு இருங்க.

பஸ் ஸ்டாப்புல உக்காந்துதான் இதை எழுதுறேன், பஸ் வந்துடுச்சு. அந்தக் கோழிக்காரரை நான் ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க மக,
தாமரைச்செல்வி