அத்தையின் குரல்

சோம்பா,
2 மார்ச் 1998

அன்புள்ள தவோங்கா,

நீ நலமென்றால் நானும் நலம்.

எத்தனை கடிதம் போட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே தட்டில் ந்சிமாக் களி பிட்டுத் தின்றோம். அந்தக் கட்டுரை விஷயத்தை இன்னுமா மனதில் வைத்திருக்கிறாய்? புது மாணவர்கள் முன்னால் ஏப்ரலில் நான் அதை வாசிக்க வேண்டுமாம். "முதலாண்டுல இப்படி எழுதினவங்கள நான் பார்த்ததே இல்லம்மா" என்று நம் பேராசிரியர் டாக்டர் கலிண்டே சொன்னார். நீ ஒரு நல்ல வார்த்தை சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

உன் கும்போ

*

சிலும்பா,
13 மார்ச்

அன்புள்ள கும்போ,

நீ நலமென்றால் நானும் நலம்.

மனதில் வைக்காமல் எங்கே வைப்பது? விடுமுறை முழுக்க ஏரிக்கரையில் உசிப்பா மீன் காயவைக்கும் பெண்களோடு கிடந்து எழுதியது அது. பாதிக்கு மேல் என் அத்தை நியகோண்ட்வே சொன்னது. இருந்தது ஒரே பிரதி. "படிச்சுட்டுத் தரேன்டி" என்று வாங்கிப்போய், உன் கையெழுத்தில் எழுதி, உன் பெயரில் கொடுத்தாய். நான் போய்ச் சொன்னதற்கு டாக்டர், "ஆதாரம் எங்க? பொறாமையில பேசாத" என்றார். கொடுக்க என்னிடம் கட்டுரை இல்லை, ஆண்டு போயிற்று. இப்போது கருவாட்டு வாடையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

போகட்டும், கோபம் ஆறிவிட்டது. ஒன்று மட்டும் சொல். யாரை எப்படிப் பேட்டி எடுத்தேன் என்று முதலில் இரண்டு பக்கம் இருந்ததே, அதை என்ன செய்தாய்?

தவோங்கா

*

சோம்பா,
24 மார்ச்

என் தங்கமே,

உன் கடிதம் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது. ஆய்வுமுறைப் பக்கங்களையா கேட்கிறாய்? அதையெல்லாம் யாரடி படிப்பார்கள்? படிக்காமலே அதை வைத்துக் கரியடுப்பு மூட்டிவிட்டேன். உன் அத்தை பேசியதுதான் அழகு, அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"நேர்ல போய்ப் பேசினியா?" என்று டாக்டர் கேட்டார். "பக்கத்துலயே உக்காந்து கேட்டேன் சார். கணீர்னு குரல், இன்னும் காதுலயே இருக்கு" என்றேன். வகுப்பே கை தட்டியது.

இப்போது ஒரு தொல்லை. அத்தையையும் மேடைக்குக் கூட்டிவரச் சொல்கிறார். நீதான் எப்படியாவது அத்தையைச் சரிக்கட்ட வேண்டும். என்னைத் தெரியும் என்று தலையாட்டினால் போதும். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி நானே டாக்டரிடம் பேசுகிறேன்.

உன் கும்போ

*

சிலும்பா,
2 ஏப்ரல்

அன்புள்ள கும்போ,

அத்தையை நானே அழைத்து வருகிறேன். உனக்கு எதிராக அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. இது என் உயிர்மேல் ஆணை. நல்ல உடையாகப் போட்டுக்கொள்.

தவோங்கா

*

சோம்பா,
27 ஏப்ரல்

கும்போ,

நீ பிளான்டயரில் உன் அப்பா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் அங்கே எழுதுகிறேன்.

உன் மார்ச் 24 கடிதத்தை டாக்டரிடம் நீட்டியிருந்தாலே உன் கதை முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. நீ மேடையில் நின்று "நியகோண்ட்வே என்னிடம் கூறினார்" என்று வாசிப்பதை, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

டாக்டர், "அம்மா, நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்க" என்று ஒலிபெருக்கியை நீட்டினாரே, அப்போது உன் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கு மறக்காது. அத்தை தன் உதட்டைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். பிறந்ததிலிருந்தே அவருக்குப் பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அவரோடு கையால்தான் பேசுவோம். நீ அடுப்பில் போட்ட இரண்டு பக்கத்திலும் இருந்தது அதுதான்.

அப்புறம் அவர் உன்னைக் காட்டி என்னிடம் கையசைத்தார். "என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் கேட்டார். அரங்கம் முழுக்கக் கேட்கும்படி நான்தான் சொன்னேன்: "இந்தப் பொண்ணு யாருன்னு கேக்கறாங்க சார்." அதற்குள் நீ படியிறங்கிவிட்டாய்.

அந்தப் பக்கங்களைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், அதே அறைதான்.

நீ நலமில்லை என்று கேள்விப்பட்டேன். நான் நலம்.

தவோங்கா கோண்ட்வே