யூதர் இல்லாத சந்தை

மார்பர்க்,
12 மார்ச் 1893

அன்புள்ள வெல்டனுக்கு,

நானும் மகளும் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. எல்ஸ்பெத் எப்படி இருக்கிறாள்? இருபது வருஷமாக மாடு வாங்க, விற்க உங்கள் ஊருக்கு வருகிறேன். எனக்கென்று தனியாக ஒரு சட்டி வைத்து, அதில் வேறெதையும் சமைக்காமல் முட்டை அவித்துக் கொடுத்தவள் உன் மனைவி. எங்கள் யூத ஆட்களே எங்கள் சாப்பாட்டு முறையை அவ்வளவு சுத்தமாகக் காப்பதில்லை. அதற்கு நான் ஒருநாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. சொல்லிவிடு.

உங்கள் ஊர் மதுக்கடைக்கு யூதர்களுக்கு எதிரான அந்தக் கட்சிக்காரர்கள் வந்தார்களாமே. அவர்கள் மனுவை நானும் படித்தேன். குடியானவனுக்குக் குறைந்த வட்டி, வரிக் குறைப்பு. அதுவரை நானே கையெழுத்துப் போடுவேன். அப்புறம்தான் வருகிறது சங்கதி: யூதன் நீதிபதியாகக் கூடாது, வாத்தியாராகக் கூடாது, கிழக்கேயிருந்து எந்த யூதனும் ஜெர்மனிக்குள் வரக் கூடாது, மாட்டுச் சந்தையில் கால் வைக்கக் கூடாது. சந்தை போனால் எனக்கு வேறு பிழைப்பு ஏது?

நீ கையெழுத்துப் போட்டாயா? அதை மட்டும் எழுது.

உன்
லேசர் வெர்ட்ஹைம்

ஓபர்ஹைம்பாக்,
19 மார்ச் 1893

லேசருக்கு,

போட்டேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தாயிற்று. கோமாரி வந்து என் தொழுவம் காலியான வருஷம், நான் கேட்காமலே ஒரு கறவை மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனவன் நீ. என் பிள்ளைகள் வளர்ந்தது அந்தப் பாலில். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கட்சிச் சங்கத்தில் பெயர் இருந்தால்தான் விதையும் உரமும் என்றார்கள். "ஊரே போடுது, நீ மட்டும் என்ன பெரிய இவனா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். எல்ஸ்பெத் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது.

மே மாதம் யூதர் இல்லாத சந்தை கூட்டுகிறார்கள். அன்றைக்கு வராதே. யாராவது உன்னைப் பிடித்துத் தள்ளினால் நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

வெல்டன் மோம்பெர்கர்

மார்பர்க்,
26 மார்ச் 1893

அன்புள்ள வெல்டனுக்கு,

வலித்தது. ஆனாலும் உண்மையை எழுதினாயே, அதற்கு நன்றி.

அந்தச் சந்தையில் உன் செவலைக் கிடாரியை விற்கப் போகிறாய் என்று தெரியும். முதலில் கேட்கிறவனுக்குக் கொடுத்துவிடாதே. உனக்குப் பேரம் பேசத் தெரியாது. இருபது வருஷமாக அதை வைத்துத்தானே நான் பிழைத்தேன்!

லேசர்

ஓபர்ஹைம்பாக்,
11 மே 1893

அன்புள்ள லேசருக்கு,

சந்தை நடந்தது. கொடி, பேண்டு வாத்தியம், பீப்பாய் பீப்பாயாக பீர், எல்லாம் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. மத்தியானம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் என் கிடாரியைக் கேட்டான். விலை படிந்தது. இரண்டு பேரும் கையில் கை அடித்தோம். அடித்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில், "மாஸல் உன் ப்ரோஹெ!"

எங்கள் அப்பன் காலத்திலிருந்து மாடு கைமாறினால் சொல்கிற உங்கள் எபிரேய வாழ்த்து. அதிர்ஷ்டமும் ஆசியும் சேரட்டும் என்று. அதைச் சொல்லாமல் மாட்டை விற்க எங்களுக்குத் தெரியவில்லை, லேசர். மேடையில் பேசிக்கொண்டிருந்த கட்சிக்காரர் நிறுத்திவிட்டார். "அது என்ன பாஷை?" என்றார். பக்கத்து ஊர்க்காரன் கையிலிருந்த தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"லேசர் வெர்ட்ஹைமோட பாஷை. இதுவரைக்கும் என் மாடு ஒண்ணுகூட இதனால கெட்டுப்போகல" என்றேன். அப்படியே மனு வைத்திருந்த மேஜைக்குப் போய், அவர்கள் தடுக்கத் தடுக்க, அதில் என் பெயரை அடித்துவிட்டேன். சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்த வருஷம் உரம் கிடையாது. பரவாயில்லை. எல்ஸ்பெத் பேசிவிட்டாள்.

வியாழக்கிழமை வா. நீ தெருவில் நடக்கும்போது நான் உன் பக்கத்தில் நடப்பேன்.

உன்
வெல்டன்

மார்பர்க்,
20 மே 1893

என் அருமை வெல்டனுக்கு,

உன் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் அவள் கையில் கொடுத்துவிட்டேன், மீதியை அவள்தான் வாசித்தாள்.

நான் வரவில்லை. உங்கள் ஊரில் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெயரை அடித்தது ஒருவன். மற்ற நாற்பது பேரின் தொழுவத்திலும் நான் கன்று பார்த்து விலை பேசியிருக்கிறேன். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? தொழிலை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் எனக்கும் மகளுக்கும் கப்பல், சிகாகோவில் தம்பி வீட்டுக்கு.

அங்கே யாராவது என்னிடம் இந்த ஊரைப் பற்றிக் கேட்பார்கள். கசப்பாகத்தான் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். இனி அப்படிப் பேச முடியாதபடி செய்துவிட்டாய். அதற்காக உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

என்றும் உன்
லேசர்