ஏழு மணிச் செய்தி நின்றுபோன காரணம்

வலியசாலை,
திருவனந்தபுரம்.

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். துபாயில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீஜித்தும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முப்பத்துநாலு வருஷம் ஏஜி ஆபீஸ் ஆடிட்டில் பேனா பிடித்தவன், எழுதத்தான் வரும்.

உங்கள் சானல் இங்கே பத்து நாளாக வரவில்லை. கேபிள்காரர் சுனிலைக் கேட்டேன். வெளிநாட்டு சானல் நம் வீட்டில் தெரிய டெல்லியின் அனுமதி வேண்டுமாம், விளம்பரமும் நம் சட்டப்படி இருக்க வேண்டுமாம், மது விளம்பரம் காட்டியதாகப் புகார் போய், விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அந்தப் புகாரை எழுதியவன் நான்தான், பத்மா. நீ செய்தி வாசிக்கிற அரை மணியில் மூன்று தடவை அந்த விஸ்கி பாட்டில் வந்து நிற்கும். உன் முகம் போய் பாட்டில், பாட்டில் போய் உன் முகம், எனக்குப் பொறுக்கவில்லை. விளம்பரத்தை மட்டும் எடுப்பார்கள் என்று நினைத்தேன், சானலையே எடுப்பார்கள் என்று புத்திக்கு எட்டவில்லை. போதாததற்கு ஆடிட் பழக்கம், தேதி, மணி, நிமிஷம் எல்லாம் குறித்து, ஆதாரம் பலமாக இருக்கட்டும் என்று செய்தி வாசிப்பவள் என் மகள் என்றும் எழுதி, பெயர் விலாசத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். விளக்கம் கேட்டு அதன் நகல் உங்கள் ஆபீசுக்கும் போயிருக்கும் என்கிறார் சுனில். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்களா, வேலைக்கு ஏதாவது வந்துவிட்டதா, மறைக்காமல் சொல். இது மகளுக்குத் தெரியாமல் நான் செய்தது என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

இன்னொன்று அம்மா. அவளுக்குப் பிடிக்காத உன் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவள், தினமும் விளக்கேற்றிவிட்டு ஏழு மணிக்கு டிவி முன்னால் வந்து உட்காருவாள். கேட்டால் உலகச் செய்தி பார்க்கிறாளாம். செய்தியில் நீ ஒரு தடவை இருமினால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போனிலேயே பார்க்கலாம் என்று சுனில் எடுத்துக் காட்ட வந்தார், "நான் ஒண்ணும் அவளைத் தேடிண்டு போகலை" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். டிவியில் நீயாக வந்தாய், அவள் இருந்தாள், பார்த்தாள். அந்தச் சாக்கை நான் பிடுங்கிவிட்டேன். இப்போதும் ஏழு மணிக்கு வந்து அதே நம்பரை வைக்கிறாள், சேவை இல்லை என்று எழுத்து நிற்கிறது, ஏழரை வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புகார் என்னுடையது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இவ்வளவும் எழுதிவிட்டு, சற்று முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "டிவில கடைசியா வந்த அன்னிக்கு அவ கண்ணு வீங்கியிருந்தது. என்னன்னு கேளுங்கோ" என்றாள். கேட்கிறேன், என்னம்மா?

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. மகாதேவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். பதிலை எனக்கு எழுத வேண்டாம். செய்தி வாசித்து முடித்த கையோடு, நம் ஊர் ஏழரை மணிக்கு வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. அந்த நேரத்தில் நான் கோவிலுக்குப் போய்விடுவேன், அம்மாதான் எடுத்தாக வேண்டும்.

உன் அப்பா,
நாகேஸ்வரன்