அக்காவுக்கு யார் பேசுவது

பெப். 3, செவ்வாய்
கடுங்குளிர். கார்க் கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லை. பஸ்ஸில் வேலைக்கு. ஞாயிறு அக்காவின் இதயம் நின்றது, எனக்கு லீவு வெள்ளியிலிருந்துதான்.

அத்தான் போன், அக்காவின் கணவர். மரண அறிவித்தலில் ‘பொறுமையின் வடிவம்’ என்று போட்டாயிற்றாம். என்னிடம் கேட்கவில்லை. அந்த வீட்டில் முப்பது வருடமாக அவர் குரல்தான்.

செத்தவீட்டில் பேசுவது: சங்கத் தலைவர், ஒரு நண்பர், அத்தான். நானும் பேசுகிறேன் என்றேன். "நீர் இளைய ஆள். சபையில அது வடிவில்லை" என்றார். எனக்கு ஐம்பத்தொரு வயது.

பெப். 5, வியாழன்
பனி. சாப்பாட்டு அறையில் லிங். என்னோடு மருந்துப் பெட்டி அடுக்குகிறவள். சீனத்தில் இரங்கலுரைக்கு என்ன சொல் என்று கேட்டேன். ‘தாவ் ட்சு’. துக்கம், சொல். டிஷ்யூவில் எழுதிக் காட்டினாள். முதல் எழுத்தின் ஓரத்தில் இதயத்துக்கான குறி. அங்கும் பல இடங்களில் வேலைத்தலத்துப் பெரியவர்தான் வாசிப்பாராம், குறை ஒன்றும் சொல்லாமல்.

இன்னும் பழைய சொல் ஒன்று, ‘லெய்’. இறந்தவர் செய்ததை வரிசையாகச் சொல்லி, அதற்கேற்ற பெயர் வைப்பது. கெட்ட அரசனுக்குக் கெட்ட பெயரே விழுமாம். எவ்வளவு நல்ல சொல் என்று நினைத்தேன். ஆனால் இளையவர் மூத்தவருக்கு லெய் சொல்லக் கூடாதாம்.

அங்கேயும் ஒரு அத்தான் இருந்திருக்கிறார்.

லிங் தன் அம்மாவுக்குத் தானே பேசினாளாம். அந்தச் சட்டம் எழுதினவர்கள் ஒருவரும் தடுக்க வரவில்லை என்றாள்.

பெப். 7, சனி
வாங்க: பூ, டிஷ்யூ, அம்மாவின் பிரஷர் குளிசை. பேச்சு எழுதினேன். முழுக்கத் திட்டு. கிழித்தேன். மறுபடி எழுதினேன். அதுவும் திட்டுத்தான். மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, ஜஸ்ட் பேசுங்கோ" என்றாள்.

பெப். 8, ஞாயிறு
மண்டபம் நிறையச் சனம். சப்பாத்துப் பனி கரைந்து கம்பளம் எல்லாம் ஈரம். தலைவர் பேச்சில் பாதி தன்னைப் பற்றி. பிறகு அத்தான். அழுதார். உண்மையான அழுகை, அதுதான் இன்னும் கோபம்.

"இவ்வளவு காலத்தில அவ எனக்கு எதிர்த்து ஒரு சொல்லுக் கதைச்சதில்லை."

தலைகள் ஆடின. பின்வரிசையில் ஒரு அன்ரி, குடுத்து வைச்ச மனுசன் என்றார்.

எழும்பிவிட்டேன். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். தாளைப் பார்க்கவில்லை.

"அக்கா நல்லாக் கதைக்கிறவ. ஒவ்வொரு நாளும் வேலையால வரேக்க காரில இருந்து என்னோட கதைச்சு, சிரிச்சு, வீட்டு வாசலுக்கு வந்தாப் பிறகுதான் போனை வைப்பா. அத்தான், உங்களோடதான் அவ கதைக்கேல்லை."