மலைமேல் ஊருக்குக் கிளம்பிய சம்பந்திக்கு

அன்புள்ள சம்பந்தி,

இன்று காலை போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தவள் அப்படியே பின்வாங்கிவிட்டேன். உள்ளே நீங்கள் நிற்பதாகத் தோன்றிவிட்டது. சிரம்பானில் பண்டல் கடையில் நீங்கள் வாங்கிய நீலக் கோட்டு அது. பழைய துணிக் கடையின் வாடை அதை விட்டு இன்னும் போகவில்லை. அதற்கு மேல் நீங்கள் கழுத்தில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை. ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்த்தீர்கள். "பகாவ்ல எங்க வீட்டுல கொண்டுபோய் வச்சா பூசணம் புடிச்சிடும் லா. உங்க வீட்டுலயே இருக்கட்டும், கெளம்புற அன்னிக்கு மாட்டிக்கிறேன்" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனீர்கள்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடங்க வெகுநேரம் ஆனது. நீங்கள் போய் மாதங்கள் ஆகிவிட்டன. மற்றவர்கள் அழுது ஓய்ந்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கும் அழுகையைவிட அதிர்ச்சிதான் அதிகமாக வந்தது. இன்றைக்கும் அதுதான் வருகிறது.

நாம் ஒன்றும் ஆரம்பத்திலிருந்தே சிநேகிதிகள் இல்லை. உங்கள் ஜெரால்டும் என் ஷாமினியும் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நீங்கள் சர்ச்சில்தான் என்றீர்கள், நான் கோயிலில்தான் என்றேன். பிள்ளைகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். விருந்தில் நீங்கள் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் உட்கார்ந்திருந்தோம். கோழியில் உப்பு கம்மி என்று நீங்கள் யாரிடமோ சொன்னது என் காதில் விழும்படியாகவே சொல்லப்பட்டது. பிறகு ஜெரால்டுக்குப் பிரான்ஸில் கார்ட்டூன் படம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து இருவரும் அங்கூலேம் என்ற ஊருக்குப் போனார்கள். உங்களுக்கும் எனக்கும் பேச்சே இல்லாமல் போயிற்று.

ஷாமினி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றுதான் முதன்முதலாக என்னைக் கூப்பிட்டீர்கள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "சம்மந்தி, பிரசவத்துக்கு நீங்க தனியா போவீங்க, நான் தனியா போவேன், அங்க போயி ரெண்டு பேரும் மொறச்சிக்கிட்டு நிப்போம். எதுக்கு? சேந்தே போயிடுவோம் லா" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு நம் பகை முடிந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊர்தான் நம் பேச்சு. ஜெரால்ட் அனுப்பிய படங்களைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பாறை மேட்டின் உச்சியில் ஊர். அதைச் சுற்றிப் பழைய காலத்துக் கோட்டை மதில். கீழே ஆறு. வெள்ளைக் கல்லில் கட்டிய வீடுகள், லாரி நுழைய முடியாத சந்துகள். ஊர்ச் சுவர்கள் எங்கும் ஆளுயரத்துக்கு மேல் கார்ட்டூன் ஓவியங்கள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னதை இன்னும் ஷாமினியிடம் சொல்லிச் சிரிக்கிறேன். "சின்னப் புள்ளையில செவுத்துல கிறுக்குறான்னு வெளக்கமாத்தால அடிச்சேன். இப்ப செவுத்துல கிறுக்குற ஊருக்கே போயிட்டான் பாருங்க."

பிள்ளைகளின் வீடு மதிலுக்கு உள்ளே, மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. ரயில் நிற்பது மலைக்குக் கீழே. என் முட்டியை நினைத்து எனக்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைப் பகாவுக்கு வரவழைத்து, உங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏற்றினீர்கள். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. நான் பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கால்கள் உங்களுக்கு. எனக்கு முன்னால் ஏறிப்போய்த் திரும்பி நின்று அதட்டுவீர்கள். "பேரப்புள்ள மேல இருக்கும், நீங்க கீழயே உக்காந்து கைய காட்டிக்கிட்டு இருப்பீங்களா? ஏறுங்க சம்மந்தி."

பிரெஞ்சில் ஒரு வார்த்தையாவது தெரிய வேண்டும் என்று 'போன்ஜூர்' கற்றுக்கொண்டீர்கள். பகாவ் பாசாரில் மீன்காரரிடம் அதைச் சொல்லிப் பழகினீர்கள். "அது என்ன மீன் மக்சிக்?" என்று மலாயில் அத்தை முறை சொல்லிக் கேட்டு அவர் பனிக்கட்டியைக் கிளறித் தேடியதைச் சொல்லும்போது உங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதிலைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடப்பது, அந்தப் பழைய பெரிய தேவாலயத்தில் நீங்கள் பூசை பார்க்கும்போது குழந்தையை நான் வைத்திருப்பது, எல்லாம் பேசி முடித்தோம். "உங்களுக்கு அங்க கோயிலு இல்லையே" என்று கவலைப்பட்டீர்கள். பிறகு நீங்களே, "மலையா இருக்குல்ல, முருகன்னு நெனச்சிக்குங்க" என்று தீர்த்தும் வைத்தீர்கள்.

உங்களுக்கு ரத்த அழுத்தம் இல்லை. சர்க்கரை இல்லை. மாத்திரை டப்பா வைத்திருந்தவள் நான். பயணத்தில் எனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசினார்கள். உங்களைப் பற்றி ஒருவருக்கும் ஒரு கவலையும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், நீங்கள் காலை பஸ்ஸில் சிரம்பான் வந்து, அங்கிருந்து மம்பாவ் வந்து, எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நான் உங்களுக்காக மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. உங்கள் எண். எடுத்தவுடனே கேட்டேன், "எங்க இருக்கீங்க சம்மந்தி, பஸ்ஸு ஏறிட்டீங்களா?"

"நான் பக்கத்து வீட்டு மாரி பேசுறேங்க. அக்கா எந்திரிக்க மாட்டேங்குறாங்க."

"தூங்குறாங்களா? பஸ்ஸு போயிடுமே, எழுப்புங்க" என்றேன். மாரியக்கா மறுபடியும் அதையே சொன்னார். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். "நல்லா தட்டி எழுப்புங்க மாரியக்கா." என் வீட்டுக்காரர் வந்து தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். அவர் அடுப்பை அணைத்ததைப் பார்த்தபோதுதான் மறு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

ஜெரால்டிடம் உடனே சொல்லச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் கண்ணால் பார்க்காமல் அவனிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பகாவ் போகும் வழி முழுவதும், யாரோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், மயக்கமாக இருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். போலீஸ் வரும்வரை தொடக்கூடாது என்று விட்டிருந்தார்கள். நீங்கள் கதவுக்கு உள்ளே, புறப்படுகிற உடையில், ஒரு கால் காலணியில் நுழைந்தும் நுழையாமலும் கிடந்தீர்கள். பயணப் பை உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மாரடைப்பு என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

செம்பனை மரத்தடியில் நின்று ஜெரால்டைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் காலை. "அத்தை! அம்மா வந்துட்டாங்களா? போன எடுக்க மாட்டேங்குறாங்க" என்று உற்சாகமாகக் கேட்டான்.

"ஜெரால்ட், அம்மா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான், "எந்த அம்மா, அத்தை?" உங்கள் பிள்ளை அப்படிக் கேட்டான் சம்பந்தி. பேசிக்கொண்டிருப்பது நான் என்பதும், அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே ஓர் அம்மாதான் என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தும் கேட்டான்.

அவன் அன்றைக்கே விமானம் பிடித்தான். ஷாமினிக்கு நாள் நெருங்கிவிட்டது. அவளால் வர முடியாது. அவன் இங்கே வந்தால் அவள் அந்த மலைமேல் தனியாக இருப்பாள். மறுநாள் காலை என் விமானம். அவன் வரும்வரை உங்கள் அடக்கம் காத்திருக்கும், அதற்குள் நான் போயிருப்பேன். என் வீட்டுக்காரர், "நீ போ. அந்தப் புள்ள தனியா இருக்கு. இங்க நான் நின்னு எல்லாம் பாத்துக்கறேன்" என்றார். ஜெபம் சொல்ல வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "சம்மந்தியம்மா அடக்கத்துக்குக்கூட இருக்க மாட்டாங்களாம்" என்று முணுமுணுத்தாள். நான் தலை குனிந்தேன். மாரியக்காதான் திரும்பினார். "இந்நேரம் அது எந்திரிச்சி உக்காந்தா மொதல்ல இவங்களத்தான் வெரட்டும். புள்ளத்தாச்சிய தனியா விட்டுட்டு இங்க என்னா பண்றீங்கன்னு கேக்கும்" என்றார். அந்தப் பேச்சில் உங்கள் குரல் அப்படியே இருந்தது. அதைக் கேட்டுத்தான் கிளம்பினேன்.

விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலி. சாப்பாடு கொண்டுவந்த மலாய்ப் பெண் இரண்டு தட்டை வைத்தாள். "மக்சிக், கூட வந்தவங்க டாய்லெட்டுக்குப் போயிருக்காங்களா?" என்று மலாயில் கேட்டாள். வரவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். பிரான்ஸ் வரும்வரை அந்தத் தட்டு உங்கள் இடத்தில் இருந்தது. எங்கோ நடுவானத்தில் ஜெரால்ட் எனக்கு எதிரே போய்க்கொண்டிருந்தான்.

ஜெரால்டோடு வேலை செய்யும் ஒரு பெண் பாரிஸுக்கு வந்து என்னை ரயிலில் கூட்டிப்போனாள். மலையடிவாரத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். படத்தில் பார்த்தது போலவே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் இல்லாததற்கு அந்த ஊரில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும் என்று என் மனம் எதிர்பார்த்திருந்தது போலும். மதில் இருந்தது, ஆறு இருந்தது, சுவரில் படங்கள் இருந்தன. டாக்சி வேண்டாம் என்று நடந்தே ஏறினேன். முட்டி வலிக்கவில்லை. மூன்று மாடியும் ஏறிக் கதவைத் தட்டியபோது ஷாமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். என் தோளுக்குப் பின்னால் ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

ஜெரால்ட் உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து சில நாட்களில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். மூக்கு உங்கள் மூக்கு. ஜெரால்ட் எல்லாம் செய்தான், துணி துவைத்தான், குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குத் தண்ணீர் ஊற்றினான். உங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், ஷாமினி தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை என் பக்கத்தில் மெத்தையில் கிடந்தது. அவன் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டான்.

"அத்தை, பொட்டிக்குள்ள இருந்தது எங்கம்மா மொகமே இல்ல. பவுடர் போட்டு, சிரிக்கிற மாதிரி பண்ணி வச்சிருந்தாங்க. நீங்கதான முன்னாடியே பாத்தீங்க. நெசமா எப்படி இருந்தாங்க? வலிச்சிருக்குமா?"

தூங்குவது போல இருந்தார்கள் என்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"வலிச்ச மொகம் இல்ல ஜெரால்ட். திடுக்குன்னு இருந்த மொகம். கண்ணு தெறந்திருந்துச்சி. யாரோ பின்னாலேருந்து கூப்ட்ட மாதிரி, என்னாதுன்னு திரும்பிப் பாக்க வந்த மாதிரி. அவங்களுக்கே நம்ப முடியல போல. நம்மள மாதிரிதான்."

பிறகு, "அப்போ அவங்களுக்கும் தெரியாது" என்றான். "ஆமாப்பா, அவங்களுக்கும் தெரியாது" என்றேன். அப்போதுதான் அழுதான். பகாவில் அழாதவன், தரையில் நெற்றியை வைத்து அழுதான்.

அந்தச் சத்தத்தில் குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்த பிள்ளைகளுக்கு இருக்கும் பழக்கம்தான். இரண்டு கையும் அகல விரிந்து, விரல் விரிந்து, கண் பெரிதாகத் திறந்து, வாய் பிளந்து, சத்தமே இல்லாமல் ஒரு கணம். சம்பந்தி, நான் கதவுக்குப் பின்னால் பார்த்த அதே முகம். எனக்கு உயிரே நின்றுவிட்டது. ஆனால் என் கை தானாகப் போய்க் குழந்தையின் நெஞ்சில் படிந்துவிட்டது. லேசாக அழுத்திப் பிடித்தேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். கைகள் மெல்ல மடங்கின. கண் மூடியது. என் உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு தடதடவென்று அடித்து, பிறகு நிதானத்துக்கு வந்தது.

மம்பாவுக்குத் திரும்பி வந்தபிறகும் சில விடியற்காலைகளில் விழிப்பு வரும்போது, என் வலது கை பக்கத்தில் வெறும் மெத்தையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அது குழந்தைக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அன்றைக்கு உங்கள் வீட்டில் உங்கள் நெஞ்சில் கை வைக்க ஒருவரும் இல்லை. அந்த அழுத்தம் இன்னும் என் கையில் இருக்கிறது, உங்கள் நெஞ்சில் வைத்திருக்க வேண்டியது. ஒண்ணுமில்ல சம்மந்தி. ஒண்ணுமில்ல.