சம்பந்தியம்மாவின் ஆறடித் தூண்டில்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தை மகள் மூலமாகத்தான் தெரிந்துகொள்கிறேன். பிள்ளைகள் கல்யாணம் முடிந்த இந்த இரண்டு வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு முறை போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்ததே தவிர நீங்கள் எடுக்கவில்லை. "அத்தைக்கு லெட்டர் போடும்மா, லெட்டர்னா கட்டாயம் பதில் போடுவாங்க" என்று மகள் சொன்னதால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு தூண்டில் வாங்க வேண்டும். சிரிக்காதீர்கள்.

மே மாதம் ஏரிக்கரையில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருக்கிறார்களாமே நம் பிள்ளைகள். உங்களையும் கூப்பிட்டிருப்பார்கள். ஏரியில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டை மீன்களாம், அதில் வந்து விழும் ஓடையில் டிரவுட் என்று ஒரு குளிர்நீர் மீனாம். யார் யாருக்கு எந்தத் தூண்டில் என்று சொல்லிக்கொண்டே வந்த உங்கள் மகன், என் முறை வந்ததும், "அத்தை கரையில பாய் போட்டு ஜாலியா உக்காரட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் முப்பத்தைந்து வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறவள் நான். ஊருக்குப் போயும் உட்காரவா?

அதனால் யாருக்கும் சொல்லாமல் கடைக்குப் போனேன். கடைக்காரர் "பேரனுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் கழி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் சுறாவே பிடிக்கலாம் என்றார். கத்தரி பிடித்துப் பிடித்து என் வலது மணிக்கட்டு ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கவே யோசிக்கும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் வருடக்கணக்காக மீன் பிடிப்பவர். எதை வாங்குவது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கல்யாண மண்டபத்தில் நான் பக்கத்தில் வந்து, சேர்ந்து சாப்பிடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்களே, அதை நான் இங்கே கிளறவில்லை. தூண்டிலுக்காக மட்டுமே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தாய்


மார்ச் 11

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை.

அந்தக் கழியை வாங்காமல் வந்ததே பாதி வேலை முடிந்த மாதிரி. உங்களுக்கு வேண்டியது 'அல்ட்ரா லைட்' என்று எழுதியிருக்கும் ஸ்பின்னிங் ராட். அதில் நரம்பைச் சுற்றும் ரீல் கோலுக்கு அடியில் தொங்கும். பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் இரண்டு கணக்கு அச்சடித்திருப்பார்கள். எத்தனை கிராம் இரையை வீசலாம் என்பது ஒன்று. ஒன்றிலிருந்து ஐந்து கிராம் வரை இருந்தால் சரி. எத்தனை பவுண்டு தாங்கும் நரம்பு போடலாம் என்பது மற்றது, இரண்டிலிருந்து ஆறு. அதற்கு மேல் எழுதியிருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தட்டை மீனின் வாய் மெல்லிய காகிதம். டிரவுட்டின் வாய் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அது துள்ளும், தலையை உதறும். கோல் விறைப்பாக இருந்தால் ஒன்று வாய் கிழியும், இல்லை நரம்பு அறும். அதனால் நுனி மட்டும் வளைந்தால் போதாது, பாதிக் கோல் வரைக்கும் வளைந்து கொடுக்க வேண்டும். கடைக்காரரை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிடியை நீங்கள் மெதுவாகத் தூக்குங்கள். எங்கே வளைகிறது என்று தெரிந்துவிடும்.

கோல் எத்தனை அடியோ, நரம்பு நுழையும் வளையங்கள் அதைவிட ஒன்றாவது கூட இருக்கட்டும். ரீலின் அளவு எண் ஆயிரத்துக்கு மேல் வேண்டாம். ரீலை மாட்டிய பிறகு அதற்குச் சற்று முன்னால் ஒரே விரலில் தாங்கிப் பாருங்கள், தராசு மாதிரி நிற்க வேண்டும். உங்கள் மணிக்கட்டுக்கு இதுதான் முக்கியம். எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நுனி கனத்தால் ஒரு மணி நேரத்தில் கை விட்டுப் போகும்.

நீளம் எவ்வளவு என்பதை இடத்தைத் தெரிந்துகொண்டுதான் சொல்ல முடியும். ஓடைக்கரையில் மரம் எவ்வளவு நெருக்கம் என்று மருமகளிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தை என் தையல்கடையில் அளவு நோட்டுக்குள் வைத்து நாலு தடவை படித்தேன். நீங்கள் சொன்னதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, அதுதான் ஆச்சரியம். மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி போட்டால் துணி போகும், இழுப்பு கூடினால் நூல் போகும். இத்தனை வருடம் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?

சனிக்கிழமை இவரையும் இழுத்துக்கொண்டு தூண்டில் கடைக்குப் போனேன். இவர் வாசல் நாற்காலியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்துகொண்டார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கோலிலும் பொடி எழுத்தைப் படிக்கப் படிக்கக் கடைக்காரர் முகமே மாறிவிட்டது. "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்றார். என் சம்பந்தி என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

முதல் கோல் நுனியில் மட்டும் ஒடிந்தாற்போல் வளைந்தது. வேண்டாம் என்றேன். அடுத்தது அழகாக வளைந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீசிப் பார்க்கலாம் என்று தலைக்கு மேல் தூக்கினேன். மேலே மின்விசிறி. நுனி ஒரு சாண் தனியாகப் பறந்துபோய் இவர் பேப்பர் மேல் விழுந்தது. இவர் பேப்பரைத் தாழ்த்தி, "வாங்கியாச்சா?" என்று கேட்டார்.

கடைக்காரர் நல்ல மனிதர். விசிறியை நிறுத்தாமல் விட்டது தன் தவறு என்று சொல்லி, இன்னும் மூன்று எடுத்துக் காட்டினார். ஐந்தடி, ஆறடி, ஏழடி. மூன்றும் உங்கள் கணக்குக்குள் வருகின்றன. ஓடைக்கரையில் மரங்கள் உண்டு, ஆனால் இரண்டு பேர் கைகோத்து நடக்க இடம் இருக்கிறது என்கிறாள் மகள். ஏரிப்பக்கம் வெட்டவெளி, பலகை போட்ட துறை ஒன்று உண்டாம். எந்த நீளம் எடுக்கட்டும்?

இன்னொன்று. இவ்வளவு எழுதினீர்கள், என் கடைசிப் பாராவுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. கிளற மாட்டேன் என்று சொன்னவள் நான்தான், ஆனால் மனசு கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் ஆட்கள் பதினொரு பேர் பார்க்க நின்றேன். என்ன தவறு செய்தேன் என்று தெரிந்தால் போதும்.

அன்புடன்,
தையல்கடைச் சம்பந்தி


மார்ச் 27

அன்புள்ள சம்பந்தியம்மா,

ஆறடி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தடி புதருக்குள் நுழைய நல்லது, ஏரியில் தூரம் போகாது. ஏழடி ஏரிக்கு நல்லது, ஓடையில் கிளைக்குக் கிளை சிக்கும், நுனியும் கனக்கும். ஆறடி இரண்டுக்கும் ஆகும். இரண்டு துண்டாகக் கழற்றும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், பஸ்ஸில் கொண்டுபோகலாம்.

இனி மற்றது. இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். வலது காது போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. இடது பக்கம், முகத்துக்கு நேராக நின்று பேசினால் பாதி விழும். மீதியை உதட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வேன். அன்றைக்கு ஒலிபெருக்கி வேறு. நீங்கள் என் வலப்பக்கம் நின்றிருக்க வேண்டும். வந்ததே எனக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் பார்த்தேன். மெஷின் ஓட்டிய கை இவர்களுக்கு ஒட்டாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் இரண்டு வருடம் கோபப்பட்டீர்கள், நான் இரண்டு வருடம் வருத்தப்பட்டேன்.

காது விஷயம் என் மகனுக்குத் தெரியாது. அம்மா மறதிக்காரி, போனை எங்காவது வைத்துவிடுவாள், சொன்னதை மறந்துவிடுவாள் என்று நினைக்கிறான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காது கேட்காதவள் என்பதைவிட மறதிக்காரி என்பது மரியாதையாகத் தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

நான் மீன் பிடிக்கப் போவதும் அதனால்தான். மீன் கடித்தால் நரம்பு வழியாகக் கைக்குத் தெரிகிறது. காதுக்கு அங்கே வேலையே இல்லை.

இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 3

என் அன்புள்ள அக்காவுக்கு,

உங்களைவிட நான் நாலு வயது சின்னவள், மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் இனி அக்காதான்.

கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு அந்தப் பதினொரு பேருக்கும் போன் செய்ய உட்கார்ந்தேன். உங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை, அன்றைக்குத் தவறு என் பக்கம் என்று மட்டும் சொன்னேன். பத்துப் பேர் கேட்டுக்கொண்டார்கள். என் நாத்தனார் மட்டும் நம்பவில்லை. "உன் பக்கம் தப்பா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்கிறாள்.

ஆறடி வாங்கிவிட்டேன். ஒரே விரலில் அப்படியே நிற்கிறது. நரம்பு நுனியில் ஒரு கோட்டுப் பட்டனைக் கட்டி மொட்டைமாடியில் வீசிப் பழகுகிறேன். முதல் நாள் கொடியில் காய்ந்த இவர் பனியனைப் பிடித்தேன். இரண்டாம் நாள் பக்கத்து மாடி வாத்தியாரம்மாவின் போர்வை. பெரிய உருப்படி, கோல் பாதி வரைக்கும் வளைந்தது, நரம்பு அறவில்லை. அவர்கள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் ஒரு வீச்சு தரும்படி கேட்டார்கள். இப்போது தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் பட்டன் வீசுகிறோம்.

நீங்கள் இன்னும் உறுதி சொல்லவில்லை என்கிறாள் மகள். மே மாதம் வருகிறீர்கள் அல்லவா?

அன்புத் தங்கை


ஏப்ரல் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

போர்வைக்கு வாழ்த்துகள். வீசும்போது தோளை ஆட்டாதீர்கள், மணிக்கட்டைக் கொஞ்சமாகத் தட்டினால் போதும். கோல் தானே எறியும்.

நான் வரவில்லை. தண்ணீரோடு தனியாக இருப்பது வேறு, ஒரே மேசையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது வேறு. எல்லோரும் சிரித்த பிறகு நானும் சிரிப்பேன், எதற்கு என்று தெரியாமலே. ஒரு நாள் அப்படி இருந்துவிட்டு வந்தாலே மறுநாள் எழுந்திருக்க முடிவதில்லை. ஒரு வாரம் என்றால் ஒரு வாரம் படுத்துவிடுவேன். முழங்கால் வலி என்று மகனுக்கு எழுதிவிட்டேன். உங்களுக்கு மட்டும் உண்மை.

தூண்டில் இரைகள் வைத்த ஒரு சின்னப் பெட்டி பார்சலில் வருகிறது. அதில் இருக்கும் சுழலும் தகடு டிரவுட்டுக்கு. ஓடையில் மேல்நோக்கி வீசி, தண்ணீர் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிச் சுற்றுங்கள். மெல்லிய இறகு கட்டியது தட்டை மீனுக்கு, அதை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். டிரவுட் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பொறுங்கள்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

பெட்டி வந்தது. ஒவ்வொன்றும் கம்மல் மாதிரி இருக்கிறது, காதில் போட்டுக்கொள்ளலாமா என்று இவர் கேட்கிறார். நன்றி. இனி சண்டை.

நீங்கள் வராவிட்டால் நானும் போகவில்லை. காரணம் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆனால் கட்டாயம் போகமாட்டேன். அளவு நோட்டைக் கொண்டுவருகிறேன். சாப்பாட்டு மேசையில் உங்கள் இடப்பக்கம் நான்தான் உட்காருவேன். யார் எதற்குச் சிரித்தார்கள் என்று அந்த நிமிடமே எழுதிக் காட்டுகிறேன். வாடிக்கையாளர் வாய் மூடுவதற்குள் எழுதி முடிக்கிற கை இது. சிரிப்பு வராத ஜோக்காக இருந்தால் அதையும் எழுதுகிறேன், நீங்கள் சிரிக்காமல் இருக்கலாம். பகலில் இரண்டு பேரும் ஓடைக்குப் போய்விடுவோம்.

மகனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா எப்படியும் மறந்துவிடுவாள் என்று நினைத்து அவர் இத்தனை வருடத்தில் எத்தனை விஷயத்தை உங்களிடம் சொல்லாமலே விட்டிருப்பார்?

மே 9 காலைப் பஸ். உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. முன்பக்கம் இரண்டு சீட் போட்டாயிற்று. இவர் பின்னால் எங்காவது பேப்பரோடு வருவார்.

தங்கை


ஜூன் 2

பிரியமான தங்கச்சிக்கு,

ஏரிக்கரையிலிருந்து வீடு வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நான் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

எல்லாம் நீங்கள் கூடவே இருந்து பார்த்ததுதான். ஆனாலும் உங்களுக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது மகன் நோட்டை எட்டிப் பார்த்து, என்ன ரகசியம் என்று கேட்டதும் நான் காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவன் சட்டென்று எழுந்து போனான், நீங்களும் நானும் பயந்துபோனோம். மறுநாள் காலை அவன் துறைப் பலகைக்கு வந்து எனக்கு எதிரே, முகத்துக்கு நேராக உட்கார்ந்தான். "ஸ்கூல்ல படிக்கறப்ப நான் கூப்பிட்டு நீ திரும்பாதப்பல்லாம், என்மேல ஏதோ கோவம்னு நினைச்சேன்மா" என்றான். ஒரு வார்த்தை தவறாமல் எனக்குப் புரிந்தது. இல்லடா என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு இருவரும் தூண்டிலைப் போட்டோம். அவனுக்கு மூன்று தட்டை மீன், எனக்கு ஒன்பது. அதைப் பற்றி நான் பெருமை பேசவில்லை. ஒன்பது என்று மட்டும் ஓரிரு முறை சொன்னேன்.

அப்புறம் உங்கள் டிரவுட். பின்னால் நின்றதால் உங்கள் முதுகைத்தான் பார்த்தேன். கோல் நடு வரை வளைந்தது, உங்கள் இரண்டு தோளும் காது வரை ஏறின. மீன் இரண்டு முறை துள்ளியது. நீங்கள் இழுக்கவில்லை, பொறுத்தீர்கள். கத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எதிர்க்கரையில் இருந்த பறவைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. என் மகன் ஓடி வந்து, "இது யார் தூண்டில் அத்தை?" என்று கேட்டதை நோட்டில் எனக்கு எழுதிக் காட்டினீர்கள், கோணல்மாணலாக. அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். இப்போதுதான் சொல்கிறேன்.

போன வாரம் மருமகள் வந்து என்னைக் காது டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். இடது காதுக்கு ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் கழற்றி எறியலாம் போல இருந்தது. பேப்பரைப் புரட்டினால் தகரம் உருளுகிறது. நேற்று அதை மாட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போனேன். தங்கச்சி, என் ரீல் கீச்சிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும், எலிக்குஞ்சு மாதிரி. எத்தனை வருடமாகக் கீச்சிடுகிறதோ, கரையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எண்ணெய் விடலாம் என்று வீட்டுக்கு வந்து புட்டியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். இன்னும் நாலு நாள் கேட்டுவிட்டு விடலாம்.

இங்கே ஆற்றின் மேல்பக்கம் ஒரு மடு இருக்கிறது. பாறைக்குப் பின்னால் என்பதால் ஒருவருக்கும் தெரியாது, நானும் யாருக்கும் காட்டியதில்லை. இரண்டு பேர் நிற்க இடம் உண்டு. வியாழக்கிழமை காலைப் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், அவர்கள் வேறு கிளம்பிவிடுவார்கள்.

பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. கிளம்பி வா.

உன் அக்கா