பின்னாலிருந்து ஒரு படம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம், உடம்புக்குப் பெரிதாகக் குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும், பேத்தியின் தூணும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் எங்கள் நினைப்பு. வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ யோசிப்பாய். போனில் சொல்லத்தான் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் பேத்தி நடுவில் புகுந்து, தூண் எவ்வளவு சமத்தாக அசையாமல் நிற்கிறான் பாருங்கள் தாத்தா என்று அந்த நாயைக் கொண்டுவந்து காட்டினாள். நானும் அங்கே வெயில் எப்படி, மழை எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டேன். இன்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீயும் இதை அவசரத்தில் நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. கூடத்து அலமாரியில் இருந்த நாய்க் கண்காட்சிக் கோப்பைகளையெல்லாம் இறக்கிவிட்டாள். பெரிய வெள்ளிக் கோப்பையில் துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள். முன்பென்றால் நான் வீட்டை இரண்டாக்கியிருப்பேன், இப்போது பேசாமல் அதிலிருந்தே கிளிப்பு எடுத்துக் கொடுக்கிறேன். ஏன் என்றால், எந்த நாய் அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்ததோ அந்த நம் சிலையால், தூணின் தாயால், இப்போது எழுந்து நிற்க முடியவில்லை. காலையிலும் மாலையிலும் அவள் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து, ஒரு முனையை அம்மாவும் மறு முனையை நானும் பிடித்துத் தூக்கிப் பின்புறத்துக்குக் கூட்டிப் போகிறோம். கொட்டில் சிமெண்டுத் தரையில் பாய் விரித்திருக்கிறேன், இல்லாவிட்டால் பின்கால் வழுக்கிக்கொண்டு போகிறது. முன்கால் இரண்டும் ராஜகம்பீரமாக நிற்கும், பின்பாதி யாருடையதோ போலக் கிடக்கும். வேலை முடிந்ததும் அம்மாவின் கையை நக்குகிறாள். என்னையும் நக்க வருகிறாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இது போன மாதக் கண்காட்சியில் தெரிந்தது. வரிசையில் நிறுத்தியபோது வழக்கம்போல அசையாமல் நின்றாள், நடுவர்கூட என்ன நிதானம் என்று தலையை ஆட்டினார். பிறகு வட்டத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். இரண்டாவது சுற்றில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். களைப்பாக இருக்கும் என்று நான் வாரை இழுத்தேன். ஆமாம், இழுத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவள் எழுந்து இன்னும் நாலடி எனக்காக ஓடினாள், பிறகு விழுந்தாள். மறுநாள் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இடுப்பில் தொடை எலும்பின் குமிழ் உட்கார ஒரு கிண்ணம் இருக்க வேண்டுமாம், அவளுக்கு அது தட்டாக இருக்கிறது. பிறவியிலேயே வருவது, குட்டிகளுக்கும் இறங்கும், சின்ன வயதிலேயே படம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். இப்போது வலி மாத்திரையைத் தவிர அவருக்கும் கையில் ஒன்றும் இல்லை. இன்னும் எத்தனை நாள் துண்டில் தூக்குவீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். என்ன யோசிப்பது என்றே தெரியவில்லை, நீ பக்கத்தில் இருந்தால் உன்னைக் கேட்பேன்.

நீ அன்றைக்கே சொன்னாய். அவளுக்கு ஏழு மாதம் இருக்கும், மேசைமேல் நிறுத்தி, பின்காலை நீட்டிவைத்து, முதுகுச் சரிவைப் பக்கத்திலிருந்து பார்த்து நான் மெய்மறந்து நிற்கிறேன். மற்றக் குட்டிகளெல்லாம் மேசையிலிருந்து குதிக்கப் பார்க்கும், இவள் மட்டும் வைத்த காலை எடுக்கவில்லை. அதனால்தான் சிலை என்று பெயர் வைத்தேன். நீ கதவோரம் நின்றுகொண்டு, “அப்பா, அது நிக்கப் பிடிச்சு நிக்கல. நகர்றதுக்கு யோசிக்குது” என்றாய். எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவன் நான், ஓட்டுநர் சொல்கிற கணக்கை ஒரு நாளும் நம்பியதில்லை, இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் சொந்த நாயை ஒரு தடவை சோதித்துப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அப்போதுதான் நீ, விசில் ஊதியே நாய்களைப் பழக்குகிற பக்கத்துத் தெரு விசில்காரரின் நாய்களோடு திரிந்துகொண்டிருந்தாய். அவர் வைத்திருந்தது மோப்பம் பிடிப்பது, ஆளைத் தேடுவது மாதிரி வேலைக்கென்றே வளர்க்கிற வம்சம். மெலிந்த உடம்பு, நேர் முதுகு, மங்கல் நிறம். நரிக்கூட்டம் என்று நான் கேலி செய்தேன், உங்கள் நாய்களின் முதுகில் பேத்தி பேரன்கள் சறுக்கி விளையாடலாம் என்று நீ திருப்பிக் கொடுத்தாய். அவருடைய கடுவன் நாயைச் சிலையோடு சேர்க்கலாமா என்று அவரே வந்து கேட்டார். அழகும் போய் வேலையும் போய்க் கடைசியில் எதற்கும் ஆகாத குட்டி பிறக்கும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். இத்தனைக்கும் அவருடைய நாய்கள் எல்லாவற்றுக்கும் இடுப்பு எக்ஸ்ரே படம் எடுத்து வைத்திருந்தார், அதை நான் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

சிலை போட்ட குட்டிகள் ஐந்து. மருத்துவரிடமிருந்து திரும்பிய வாரமே அவற்றை வாங்கியவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். மருந்துக்கடைக்காரர், கோப்பை வாங்கும்போது இது தெரியவில்லையா என்று மட்டும் கேட்டார். தையல்கார அம்மா, அதற்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள், அவன் இனி என் பிள்ளை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்திவிட்டாள். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் எனக்கே ஆறுதல் சொன்னார், அது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நாலாவது வீட்டில் ஏற்கெனவே தெரிந்திருந்தது, குட்டி மாடிப்படி ஏற மறுக்கிறதாம். இப்படி நாலு வீட்டுக்கும் போய் நின்றேன். ஐந்தாவது உன் வீடு.

இனி எழுதப்போவதுதான் போனில் சொல்ல வாய் வராதது. நான் மீட்பு வேலைக்குப் பழக்குகிற நாய்கள் இடிபாட்டுக்குள் ஆளைத் தேடும், ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் சும்மா படுத்திருக்க அவற்றுக்குத் தெரியாது, வீட்டுக்கு உங்கள் நாய்தான் அப்பா சரி என்று நீயே என்னிடம் ஒரு குட்டி கேட்டாய். எத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்த மாதிரி இருந்தது. கேட்ட கையோடு, தாய்க்கு இடுப்புப் படம் எடுத்தீர்களா என்றும் கேட்டாய். எடுத்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது என்றேன். நான் எடுக்கவில்லை அம்மா. இல்லை என்று சொன்னால் குட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன், எடுத்துப் பார்த்தால் என்ன வருமோ என்றும் பயந்திருப்பேன். நீ சந்தோஷப்பட்டு, “அப்பா, நீங்க என் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை” என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம் கேட்டு நாளாகிவிட்டது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மற்ற நாலு பேரிடமும் நான் தெரியாமல் தப்புச் செய்தேன் என்று சொல்ல முடிந்தது. உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

நீ அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பேத்தி ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டுகிறாள், ஒரு கை தூணின் முதுகில். அவன் அசையாமல் நிற்கிறான். முன்பெல்லாம் அந்தப் படத்தைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன். இப்போது அவன் தோள் அகலமும் தொடை மெலிவும்தான் கண்ணில் படுகின்றன, பின்பாதங்கள் இரண்டும் வயிற்றுக்கடியில் நெருங்கி இருக்கிற மாதிரியும் தெரிகிறது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ. அவனுக்குப் பதினாலு மாதம்தான் ஆகிறது, இன்னும் ஏதாவது செய்யலாம் என்று மருத்துவர் சொல்கிறார். ஓடும்போது பின்கால் இரண்டையும் முயல் மாதிரிச் சேர்த்து வைக்கிறானா, உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறானா என்று பார். எடை ஏறவிடாதே, வழவழப்பான தரையில் பந்து போட்டு ஓடவிடாதே. உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை, சொல்லுகிற யோக்கியதையும் எனக்கு இல்லை. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எழுதுகிறேன். விசில்காரரிடம் போனேன். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, சிலைக்கு இடுப்பில் கட்டுகிற ஒரு வார்ப்பட்டையைத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தார். துண்டைவிட அது அவளுக்கு வசதியாக இருக்கிறது.

கோபம் தீரும்வரை நீ போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவிடம் மட்டும் பேசு, அவளுக்கு நான் சொன்ன பொய் நேற்றுவரை தெரியாது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. மறக்காமல் தூணைப் படம் எடுத்து அனுப்பு. பக்கவாட்டில் வேண்டாம், கூடத்துச் சுவரில் இருக்கிற இருபத்தாறு படமும் பக்கவாட்டில் எடுத்ததுதான். அவன் உன்னை விட்டு நடந்து போகும்போது பின்னாலிருந்து எடு, இடுப்பு எப்படி அசைகிறது என்று அதில்தான் தெரியும். அதுவரை பேத்தி செருப்பு மாட்டும்போது சுவரில் சாய்ந்துகொள்ளட்டும், அவன் முதுகில் கை வைக்க வேண்டாம். ஏன் என்று கேட்டால், தாத்தா சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா